முப்பதாயிரம் குதிப்பு

"தரை சுடுது! தரை சுடுதுடா, நிக்காத! எகிறு!"

கருப்பசாமி மூன்றாவது பெட்டியிலிருந்து குதித்து இன்னும் தரைக்கே வந்து சேரவில்லை. அதற்குள் கோச் முனிவேல் கத்தி முடித்து விசிலும் ஊதிவிட்டார். காலை ஆறே கால் மணி. ஓசூர் சிப்காட்டின் குளிரில் அந்த மைதானத்துத் தரை எந்தக் காலத்திலும் அந்த நேரத்தில் சுட்டதில்லை. சுடுகிறது என்று சொன்னவரின் தலையில் குரங்குக் குல்லாய், அதற்கு மேல் கம்பெனித் தொப்பி, கழுத்தில் மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

பெட்டிகள் மூன்று. ஜப்பானிலிருந்து மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டியை உடைத்து, கார்ப்பென்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, முழங்கால் உயரத்தில் ஒன்று, தொடை உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று என்று அடித்து வாங்கியிருந்தார். மேலே பார்த்த இரண்டு அம்புக்குறிகள் மரத்தில் கறுப்பு மையில் அப்படியே இருந்தன. "பாத்தியா, ஜப்பான்காரனே போட்டு அனுப்பிச்சிருக்கான், மேல எகிறுன்னு" என்று புதிதாக வருகிறவனிடமெல்லாம் காட்டுவார். பாதி வேடிக்கைக்குச் சொன்னார். பாதி நம்பித்தான் சொன்னார்.

குதித்த பன்னிரண்டு பேரும் ரக்பி ஆட்டக்காரர்கள். கம்பெனியில் ரக்பிப் பந்து ஒன்றும் இருந்தது. அது முனிவேலின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. "பந்த எவன் வேணா புடிப்பான். அது தானா வரும். மொதல்ல காலுக்கு ஸ்பிரிங் வெக்கணும்" என்பது அவர் கட்சி. சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பந்தை வெளியே எடுத்துக் காற்றுப் பார்ப்பார். ஆளுக்கு நாலு தரம் தொடவிட்டு, துடைத்து, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். கல்யாண வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைக் கூட இவ்வளவு காபந்து பண்ணமாட்டார்கள்.

இரண்டாயிரத்தொன்பதாம் வருடத் தொடக்கத்தில் கார் கம்பெனிகளின் ஆர்டர் சரிந்து, பாகம் செய்து கொடுக்கிற இந்தக் கம்பெனியில் பாதி மெஷின் சும்மா நின்றது. சும்மா நிற்கிற ஆளைப் பார்த்தால் மேலதிகாரிகளுக்குப் பொறுக்காது. புதிதாக வந்த பிளான்ட் ஹெட் சென்குப்தா கல்கத்தாவில் ரக்பி ஆடி முன்பல் ஒன்றைத் தொலைத்தவர். ஏழு பேர் ஆடுகிற ரக்பிக்கு ஒரு டீம் கட்டுங்கள் என்றார். கபடியும் வாலிபாலும் தெரிந்த ஊரில் ரக்பி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோச் யார் என்ற கேள்வி வந்தபோது, எச்.ஆர். மேனேஜர் கோவிந்தப்பன் முனிவேலின் பெயரைச் சொன்னார். கையில் வேலை எதுவும் இல்லாத ஆள் அவர் ஒருவர்தான் என்பதே தகுதி.

கையில் வேலை இல்லாததற்குக் காரணம் கையிலேயே இருந்தது. எட்டு வருடத்துக்கு முன், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில், தகட்டோடு தகடாக, இடது கையின் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நுனியை விட்டுவிட்டு வந்தவர் முனிவேல். அதற்குப் பிறகு அவருக்கு லைட் டியூட்டி: கேட் பாஸ் எழுதுவது, கேன்டீன் டோக்கன் கிழிப்பது. ஆர்டர் சரிந்ததும் லைட் டியூட்டி என்பதையே கம்பெனி ஒழித்துவிட்டது. அவரவர் பழைய மெஷினுக்குத் திரும்ப வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தச் சமயத்தில் வந்த கோச் பதவியை, ஆற்றில் விழுந்தவன் பரிசலின் விளிம்பைப் பிடிக்கிற மாதிரி அவர் பிடித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற பதவி அது. டீம் பேர் வாங்கினால் நாற்காலி நிலைக்கும். இல்லாவிட்டால் நாலாம் நம்பர் பிரஸ்.

இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கேட்டிலிருந்து மைதானத்துக்குப் பிரஸ் ஷாப்பை ஒட்டி நேர்வழி இருக்க, அவர் பாய்லரைச் சுற்றி, கேன்டீன் பின்பக்கத்து எச்சில் தொட்டியைத் தாண்டித்தான் வருவார். "காலங்காத்தால நாலு எட்டு நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்பார். நல்லதுதான். பிரஸ் இறங்குகிற சத்தம் அந்த வழியில் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். எட்டு வருடமாகியும் அந்த மனிதருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் பயம். ஸ்டாப்வாட்சை எப்போதும் இடது கையில், விரல் தெரியாதபடி பொத்திப் பிடிப்பதும் அந்த நினைப்பு வரக் கூடாது என்றுதான்.

டீமுக்கு ஆள் எடுத்த அழகைச் சொல்ல வேண்டும். முனிவேல் சிங்காரப்பேட்டைக்காரர், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு அப்பாவோடு போய் மாடு பிடித்துப் பழகியவர். கேன்டீன் வரிசையில் நிற்கிறவர்களைப் பின்பக்கமாகப் போய், பேன்ட்டை முழங்கால்வரை தூக்கச் சொல்லி, ஆடுசதையை அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை. அப்படித் தேறியவன்தான் நாட்றாம்பாளையத்து நவீன்குமார். காட்டோரத்து மேட்டில் ஆட்டின் பின்னால் ஓடி வளர்ந்தவன், அவனைக் கேப்டனாக்கினார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கருப்பசாமி, பார்த்தால் நெல் மூட்டையை நிறுத்தி வைத்த மாதிரி இருப்பான். பாகலூர்ப் பக்கத்து ஜெகதீஷுக்குக் கன்னடத்தில் சொன்னால்தான் சட்டென்று ஏறும். அதனால் முனிவேல் தமிழில் "குதி", கன்னடத்தில் "ஹாரு", தெலுங்கில் "எகுரு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கத்துவார். மூன்று மொழியிலும் அவருக்குத் தெரிந்த ரக்பி அவ்வளவுதான்.

குதிப்பு வித்தை அவர் கண்டுபிடித்ததல்ல. சென்குப்தா கொடுத்த நாலு பக்க ஜெராக்ஸ் காகிதத்தில் வந்தது. பிளையோமெட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர். ஒன்பதாவது படிக்கிற மகள் பிரவீனா வீட்டில் அதை வாசித்து அர்த்தம் சொன்னாள். உயரத்திலிருந்து குதித்து, கால் தரையைத் தொட்ட கணமே மறுபடி எழும்ப வேண்டும். தொடையும் ஆடுசதையும் ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுண்டும். தரையில் கால் நிற்கிற நேரம் குறையக் குறைய, ஓட்டத்துக்கு வேகமும் மோதலுக்குப் பலமும் கூடும். முனிவேலுக்கு இது நன்றாகவே புரிந்தது. 'தரை சுடுது' என்று அதை இரண்டே வார்த்தையில் அவர் சொன்னதுபோல் அந்த ஜெராக்ஸில் கூட இல்லை. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

மூன்றாம் பக்கத்தில்தான் தகராறு. "ஒரு தடவ குதிச்சா அப்புறம் ரெண்டு நாளு, மூணு நாளு ரெஸ்ட் விடணும்னு போட்டிருக்குதுப்பா. மேட்சுக்கு முந்தி குதிக்கவே கூடாதாம்" என்றாள் பிரவீனா.

"மூணு நாளு ரெஸ்ட்டா? மூணு நாளு ரெஸ்ட் விட்டா அதுக்கு பேரு லீவு. அது வெள்ளக்காரனுக்கு எழுதனதும்மா. அவன் ஒடம்பு வெண்ணெ. நீ நாலாம் பக்கத்துக்குப் போ."

சமையலறையிலிருந்து மனைவி ருக்மணி கேட்டாள்: "ஏங்க, ஊரையே குதிக்கச் சொல்றீங்களே, நீங்க என்னிக்காச்சும் குதிச்சிருக்கீங்களா?"

சிங்காரப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்போது அவர் தாண்டிய உயரத்துக்கு இன்னும் சுவரில் கோடு இருப்பதாக முனிவேல் சொல்வார். இதுவரை யாரும் போய்ப் பார்த்ததில்லை. மைதானத்திலும் ஒரு நாள் கருப்பசாமி இதையே கேட்டான். "அண்ணாச்சி, ஒரு தடவ நீங்க குதிச்சுக் காட்டுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்." பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். முனிவேல் தொப்பையை ஒரு முறை தடவினார். சின்னப் பெட்டியை ஒரு முறை பார்த்தார்.

"மெஷின டிசைன் பண்றவன் மெஷின் ஓட்டறானாடா? போ, போய் ஏறு."

கம்பெனியில் எதைச் செய்தாலும் போர்டு வைக்க வேண்டும். போர்டு இல்லாத வேலை வேலையே அல்ல. முனிவேலும் வைத்தார். ஒரு பக்கம் டார்கெட், ஒரு பக்கம் ஆக்சுவல். பன்னிரண்டு ஆள், ஆளுக்குத் தினம் நூறு குதிப்பு, மாதம் இருபத்தைந்து வேலை நாள், ஆக முப்பதாயிரம். எண்ணுகிற பொறுப்பை முதலில் பையன்களிடமே விட்டார். தொழிற்சாலையில் வளர்ந்த பையன்கள். நாற்பத்தைந்துக்கு அடுத்தது ஐம்பத்தைந்து என்று சர்வசாதாரணமாக எண்ணினார்கள். அந்தக் கணக்கில் பத்து வருடம் தானே எண்ணியவர் முனிவேல், அவரிடமா? ஸ்கிராப் யார்டில் கிடந்த பழைய பிரஸ் கவுன்ட்டர் ஒன்றைத் தேடி எடுத்து, குதித்து இறங்குகிற பலகையின் அடியில் பொருத்திவிட்டார். பிரஸ் ஒரு முறை இறங்கினால் ஒரு எண் விழுகிற அதே கவுன்ட்டர். இப்போது ஆள் ஒரு முறை இறங்கினால் டக்கென்று ஓர் எண். ஏமாற்ற வழியில்லை. ஆயுத பூஜைக்கு மூன்று பெட்டிகளுக்கும் கவுன்ட்டருக்கும் சந்தனம், குங்குமம், பூ, பொரி எல்லாம் நடந்தது. பந்துக்கும் பட்டை போட்டார். கால்களைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

பெங்களூரில் கம்பெனிகளுக்கிடையிலான போட்டி நவம்பர் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜெயிக்க வேண்டும் என்றுகூட சென்குப்தா கேட்கவில்லை. நன்றாக ஆடினால் போதும், கோச் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று கோவிந்தப்பன் மூலமாகச் சொல்லியிருந்தார். முனிவேல் அன்றைக்கு வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனார்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் மைதானத்தில் கால் வைக்க முடியவில்லை. இருபத்தொன்பதாம் தேதி மாலை முனிவேல் போர்டைக் கூட்டிப் பார்த்தார். அன்றுவரைக்கும் வேண்டியதில் ஏழாயிரத்து இருநூறு குதிப்பு குறைந்தது. மாதம் முடிய இரண்டு நாள்; அந்த நாட்களின் கணக்கையும் சேர்த்தால் ஒன்பதாயிரத்து அறுநூறு.

மாதக் கடைசியில் டார்கெட் குறைந்தால் என்ன செய்வார்கள் என்று இந்தச் சிப்காட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இருபது நாள் சோம்பிக் கிடந்துவிட்டு, கடைசி மூன்று நாள் ராப்பகலாக ஓட்டி, சூடு ஆறாத சரக்கை லாரியில் ஏற்றி, மாதத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். முனிவேலின் இருபது வருட சர்வீஸில் இதற்கு மாற்றாக ஒரு மாதத்தைக்கூட அவர் கண்டதில்லை. வெள்ளியும் சனியும் ஆளுக்கு நானூறு என்று அறிவித்தார்.

நவீன்குமாருக்கு மட்டும் உறைத்தது. "சார், ஞாயித்துக்கெழம மேட்ச்சுங்க."

"அது நவம்பர் கணக்குடா. இது அக்டோபர். அக்டோபர மொதல்ல குளோஸ் பண்ணு."

குதித்தார்கள். வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டு குதித்தார்கள். சனிக்கிழமை பேசாமல் குதித்தார்கள். மூன்றாவது பெட்டியில் ஏற ஜெகதீஷை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. "சாகாயித்து சார்" என்று அவன் தன் மொழியில் போதும் போதும் என்றான். அந்த ஒரு வார்த்தை மட்டும் மும்மொழி வித்தகருக்குக் காதில் விழவில்லை. மாலையில் முப்பதாயிரம் முடிந்தது. முடிந்த பிறகும், "ரவுண்டா முடிக்கக் கூடாதுடா. மொய் எழுதறப்ப ஒண்ணு வெச்சுதான எழுதறோம்? ஆளுக்கு இன்னொண்ணு" என்றார். போர்டில் முப்பதாயிரத்துப் பன்னிரண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் கர்நாடக ராஜ்யோத்சவம். அத்திப்பள்ளி தாண்டியதிலிருந்து வழியெல்லாம் மஞ்சள் சிவப்புக் கொடிகள், ஒலிபெருக்கி, ஊர்வலம். கம்பெனிப் பஸ்ஸில் முனிவேல் முன் சீட்டில், மடியில் பந்தோடு உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் பஸ் நின்றது. ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். நேராகப் பார்த்து இறங்க முடியவில்லை. தொடை மடங்கினால் உயிர் போனது. பன்னிரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாடியிலிருந்து இறங்குகிற கைக்குழந்தைகளைப் போல, முதுகு காட்டிப் பின்பக்கமாக இறங்கினார்கள். எதிர் டீம் பையன்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் மரியாதையாக, ஆக்சிடென்ட் ஏதாவது ஆச்சா என்று கேட்டான்.

ஆட்டம் மொத்தம் பதினாலு நிமிடம். அதில் நம்மவர்கள் பந்தை வைத்திருந்தது ஒன்றரை நிமிடம் இருக்கும். ரக்பியில் பந்து கோட்டுக்கு வெளியே போனால், இரண்டு டீமும் எதிரெதிர் வரிசையில் நிற்க, நடுவே உயரமாக எறிவார்கள். எம்பிப் பிடிக்கிறவனுக்குப் பந்து. முப்பதாயிரம் குதிப்பும் இந்த ஒரு குதிப்புக்காகத்தான். பந்து வந்தது. எதிராளி எம்பினான். நவீன்குமார் கையைத் தூக்கினான், முகத்தைத் தூக்கினான், கால் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"தரை சுடுதுடா!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து முனிவேல் கத்தினார். "தரை சுடுது! எகிறு!"

"சுட்டா சுடட்டும் சார்" என்றான் நவீன்குமார், திரும்பிப் பார்க்காமல். "காலு எந்திரிக்கல."

நாற்பத்தொன்பதுக்குப் பூஜ்யம். சென்குப்தா கடைசி இரண்டு நிமிடம் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

திங்கள்கிழமை சென்குப்தா நேராகப் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் மொழிபெயர்க்கக் கோவிந்தப்பன். முனிவேல் எதையும் அழித்திருக்கவில்லை. நூறு சதவீதத்துக்கு மேல் முடித்த போர்டை எந்த மடையன் அழிப்பான்?

"மேட்சுக்கு முந்தி ரெஸ்ட் குடுத்தியான்னு கேக்கறாரு, முனிவேலு" என்றார் கோவிந்தப்பன். "பேப்பர்ல செவப்புல கோடு போட்டுக் குடுத்தாராம்."

முனிவேல் ஸ்டாப்வாட்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை.

"மன்த் எண்டுல நம்ம கம்பெனில எந்த ஷாப்புக்கு சார் ரெஸ்ட் குடுத்திருக்குறோம்? என் வெரலு போனதும் முப்பத்தொண்ணாந் தேதிதானுங்களே."

கோவிந்தப்பன் அதை மொழிபெயர்க்கவில்லை. முனிவேல் வருத்தப்படுகிறார் என்று மட்டும் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை டீம் கலைந்தது. பந்து சென்குப்தாவின் அறை அலமாரிக்குப் போனது. பெரிய பெட்டி கேன்டீனில் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக்கொடுக்கப் போனது. புதன்கிழமை முதல் ஷிப்ட், நாலாம் நம்பர் பிரஸ் என்று ஒரு வரிக் கடிதம் முனிவேலுக்கு வந்தது. அன்றைக்கு இரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ருக்மணி குதிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை அவர் பாய்லரைச் சுற்றித்தான் வந்தார். எந்தப் பக்கம் சுற்றினாலும் வந்து சேருகிற இடம் ஒன்றே. நாலாம் நம்பருக்குப் புதுப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்து மெஷினில் நவீன்குமார்; அதற்கடுத்து கருப்பசாமி. அவர் வயதில் பாதிகூட ஆகாத சூப்பர்வைசர் வந்து, இப்போது இரண்டு பொத்தான் இருக்கிறது, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே போகவே வழியில்லை, பயமே வேண்டாம் என்று விளக்கினான். முனிவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஸ்டாப்வாட்ச் இல்லாத இடது கை பளிச்சென்று வெளியே தெரிந்தது.

தகட்டை வைத்தார். இரண்டு பொத்தானிலும் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

தம்மென்று இருநூறு டன் இறங்கியது. முனிவேலின் இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பின. அரை அடி இருக்கும். அந்த உடம்புக்கு அது சாதாரண உயரமல்ல. இறங்கின வேகத்தில் மறுபடியும் ஒரு எகிறு எகிறினார். கால் தரையில் நின்றது கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஜெராக்ஸில் எழுதியிருந்தபடி அப்படியே. கவுன்ட்டரில் டக்கென்று ஓர் எண் விழுந்தது.

கருப்பசாமி சிரிக்க வாயைத் திறந்தான். நவீன்குமார் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

முனிவேல் யாரையும் பார்க்கவில்லை. பீஸை எடுத்துத் தொட்டியில் போட்டார். அடுத்த தகட்டை வைத்தார். பொத்தான்களில் கையை வைப்பதற்கு முன், பெட்டியின் மேல் நிற்கிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் போலவே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகால் இரண்டையும் தரையிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டார்.